ஈசானிய மூலைத் தொட்டி

டிசம்பர் 19

நோயாளி: ஃபிளவர்ஹார்ன் மீன், ஆண், வயது மூன்று இருக்கும். நெற்றிப் புடைப்பு நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது. அம்மா வைத்த பெயர் குபேரன். வில்லிவாக்கம் வீட்டுக் கூடத்தில், ஈசானிய மூலையில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் தொட்டி. வீட்டில் இதை வாஸ்து மீன் என்கிறார்கள். வீட்டுக்கு வரும் கெடுதலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளுமாம். நான் மீன்வளத்தில் நாலு வருஷம் பட்டம் படித்து, செங்குன்றத்தில் ஒரு ஏற்றுமதிப் பண்ணையில் மீன்களின் ஆரோக்கியம் பார்க்கிறவன். எனக்கு இது சிக்லிட் இனத்துக் கலப்பு. அவ்வளவுதான்.

புகார்: காலையில் அண்ணி தீவனம் போடும்போது பக்கவாட்டில் சாய்ந்து, ஒரே இடத்தில் சுழன்று, கண்ணாடியில் முட்டிவிட்டு அடியில் போய்க் கிடந்ததாம்.

நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது நேராக நீந்தியது. கையை விட்டேன். வழக்கம்போல வந்து விரலைக் கடித்தது.

“சாமி முன்னாடி செருப்போட நிக்காதடா” என்றாள் அம்மா. குதிகால் வலிக்கு டாக்டர் வீட்டுக்குள்ளும் போடச் சொன்ன எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இது. ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது.

டிசம்பர் 20

அம்மோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. பி.எச். சரி. மார்கழிக் குளிருக்காகப் போன வாரம் நானே ஒரு ஹீட்டர் வாங்கிப் போட்டேன், தண்ணீர் 28ல் நிற்கிறது. வெப்பநிலையிலும் குறை இல்லை.

தண்ணீரில் ஒன்றுமில்லை. அண்ணி மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 22

மறுபடி காலையில். இந்த முறை அண்ணனும் பார்த்திருக்கிறான். அண்ணன் குணாளன் தண்ணீர் கேன் ஏஜென்ஸி வைத்திருக்கிறான். எதற்கும் பதறாதவன்.

“ஒரு மீனுக்கு என்னன்னு கண்டுபிடிக்கத்தான் நாலு வருஷம் தூத்துக்குடில உக்காந்துட்டு வந்தியா?”

“நான் இருக்கும்போது பண்ணட்டும், சொல்றேன்.”

“அதுக்கு அப்பாயின்ட்மென்ட் குடு.”

காலையில் மட்டும் வருகிறது என்றால் இரவில் ஆக்சிஜன் குறைகிறதா? கூடுதலாக ஒரு ஏர் பம்ப் போட்டேன்.

டிசம்பர் 25

விடுமுறை. காத்திருந்து பார்த்தேன்.

அண்ணி விடியற்காலையில் குளித்து, வாசல் கழுவிக் கோலம் போட்டுவிட்டு, ஈரக் காலோடு நேரே தொட்டிக்கு வந்தார். தீவனத்தை விரலில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டினார். மீன் ஆசையாக மேலே வந்தது. விரல்களுக்கு அருகில் வந்ததும் உடம்பு வில்லாக வளைந்தது. துடுப்புகள் விறைத்தன. சாய்ந்து, சுழன்று, ஹீட்டர் பக்கம் போய் மோதி, அங்கிருந்தும் துள்ளி விலகியது. அண்ணியும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

உடனே நான் கையை விட்டேன். மீன் மூச்சு வாங்கியது, தயங்கியது, பிறகு என் விரலிடம் வந்தது. ஒன்றுமில்லை.

இரண்டு முறை செய்து பார்த்தோம். அவர் கை வைத்தால் துடிக்கிறது. என் கைக்கு அமைதி.

சிக்லிட்கள் ஆள் அடையாளம் காணும், அது தெரிந்த விஷயம். பார்த்ததை அப்படியே சொன்னேன்: “மீன்ல நோய் இல்ல. அதுக்கு அண்ணியைப் பிடிக்கல.”

அம்மா விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அண்ணி சமையலறைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 26

சாதாரண விஷயத்தை இந்த வீட்டில் எதுவாகவும் ஆக்கிவிடுவார்கள். அண்ணிக்கு இது ஐந்தாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்கவில்லை. அம்மா அதையும் இதையும் முடிச்சுப் போடுகிறாள்.

“அதுக்குத் தெரியும்டா. போன தடவையும் மூணு நாள் முன்னாடி சாப்பிடாம கெடந்துச்சு.”

“போன தடவை நீ அதுக்கு சர்க்கரைப் பொங்கல் போட்ட.”

“நீ படிச்சது உன்னோட. சும்மா இரு.”

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வெளியே கிளம்பும்போது நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: “நிஜமாவே மீனுக்கு ஒருத்தரைப் பிடிக்காமப் போகுமா தினா?”

“போகும். அதுக்கும் உங்க வயித்துக்கும் சம்பந்தம் இல்ல.”

“அதை நேத்து அத்தை எதிர்ல சொல்லியிருக்கலாம்.”

டிசம்பர் 28

காலையில் மின்வெட்டு. அண்ணி தீவனம் போட்டபோது மீன் பூனைக்குட்டி மாதிரி வந்து வாங்கித் தின்றதாம். ஃபில்டர் அதிர்வுதான் காரணமோ?

டிசம்பர் 29

ஃபில்டரை நிறுத்திவிட்டு அண்ணியைக் கை வைக்கச் சொன்னேன். சுழன்றது. ஃபில்டர் இல்லை.

டிசம்பர் 31

மலத்தில் வெள்ளை நூல் போல ஏதோ. குடல் ஒட்டுண்ணி முற்றினால் நீச்சல் தடுமாறும். அதற்கான மருந்து, மெட்ரோனிடசோல் ஆரம்பித்தேன். கூடவே பாடப்புத்தகம் சொல்கிற துணை சிகிச்சை: கல்லுப்பு, வெப்பநிலை 32. ஹீட்டர் திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டேன். இனி அதன் சிவப்பு விளக்கு அணையவே அணையாது.

உப்பை நான் கொட்டக் கொட்ட அண்ணிதான் கையால் கலக்கிவிட்டார்.

“குத்துது தினா.”

“உப்புன்னா குத்தத்தான் செய்யும். விரல்ல வெட்டு இருக்கும்.”

வெட்டு இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரி 1

அம்மா யாரையோ கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். பரிகாரம்: குபேரனின் கோபம் தணியும் வரை அண்ணி தினமும் இரண்டு வேளை, குளித்துவிட்டு, தன் கையாலேயே ஊட்ட வேண்டும்.

மடத்தனம். ஆனால் ஒரு வகையில் நல்லதுதான். பழகப் பழக மீனின் அச்சம் போகும் என்பது விலங்கு நடத்தையியலும் ஒப்புக்கொள்கிற விஷயம். அதனால் ஆட்சேபிக்கவில்லை.

ஜனவரி 3

மோசமாகிறது. இப்போது மாலையிலும் சுழல்கிறது. செதில்கள் மங்கிவிட்டன. அண்ணி தொட்டியை நெருங்குவதைப் பார்த்தாலே பின்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மருந்து வேலை செய்ய இன்னும் நாள் ஆகும்.

இதர குறிப்பு: அண்ணிக்குத் தண்ணீரில் கை வைத்தால் முழங்கை வரை எறும்பு ஊர்வது போல் இருக்கிறதாம். கர்ப்ப காலத்தில் மணிக்கட்டு நரம்பு அழுந்தும். பி12 குறைவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

ஜனவரி 6

சாப்பிடும்போது அண்ணி மெதுவாகச் சொன்னார்: “இன்னிக்கு மீனுக்கு ஊட்டறப்போ வயித்துக்குள்ள துள்ளுச்சுங்க. நல்லா, சுளீர்னு. முதல் தடவை.”

அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். அம்மா நேரே போய்க் குபேரனுக்குக் கற்பூரம் காட்டினாள். “பாத்தியா, பரிகாரம் வேலை செய்யுது.”

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. “சந்தோஷமாத் துள்ளின மாதிரி தெரியலையே அத்தை” என்றார்.

“உனக்கு எல்லாத்துலயும் ஒரு குறை.”

இதர குறிப்பில் சேர்க்கிறேன். மீனுக்கு இது சம்பந்தமில்லை.

ஜனவரி 9

மூன்று நாளாகத் தீவனம் எடுக்கவில்லை. உப்பை இரட்டிப்பாக்கினேன். மலத்தையும் செவுளில் சுரண்டியதையும் எடுத்துப் பண்ணையின் நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை. பிறகு எதற்கு நான் மருந்து கொடுக்கிறேன்? ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதால்.

வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி படிக்கட்டு வரை வந்தார்.

“தினா, நீ சொன்னா அத்தை கேப்பாங்க. ஊட்டறத நிறுத்திக்கறேன். எனக்கு அந்தத் தண்ணியைப் பாத்தாலே பயமா இருக்கு.”

“என்ன பயம்? கடிச்சாக்கூட ரத்தம் வராது.”

“கடிச்சா பரவால்லையே.”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவர் முகத்தை இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன். கர்ப்ப காலத்தில் காரணமில்லாத பயம் வருமாம். படித்திருக்கிறேன்.

ஜனவரி 11

மீனைப் பண்ணைக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். அங்கேயும் சுழன்றால் நோய். சுழலவில்லை என்றால் இந்தத் தொட்டியில் ஏதோ. சரியான பரிசோதனை. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

“குழந்தை பொறக்கற வரைக்கும் அது வாசப்படி தாண்டக் கூடாதுன்னு அம்மா சொல்லிடுச்சு. எனக்கும் அதான் சரின்னு படுது.”

“நீயுமா?”

“போன வருஷம் ஆஸ்பத்திரி வராண்டால நீ நிக்கல தினா. நான் நின்னேன். எது சொன்னாலும் கேக்கற நெலமைலதான் இருக்கேன்.”



ஜனவரி 13

அண்ணி மாலையில் ஊட்டப் போனவர் “அம்மா” என்று கத்திவிட்டார். தீவனக் கிண்ணம் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. யாரோ தோளைப் பிடித்துத் தொட்டிக்குள் இழுத்த மாதிரி இருந்ததாம். மீன் தலைகீழாக மிதந்து, வெகுநேரம் கழித்துத்தான் புரண்டது.

நாளை போகி. வீட்டைக் கழுவிவிடும் வேலை எனக்கு.

ஜனவரி 14, காலை

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். 

எழுந்ததும் செருப்பைக் காணோம். “போகிக்குப் பழசெல்லாம் கழிச்சாச்சு. குப்பை வண்டில போயிடுச்சு. இனிமேலாவது மனுஷன் மாதிரி வெறுங்காலோட சாமி முன்னாடி நில்லு” என்றாள் அம்மா. கத்தினேன். வேறு வழியில்லாமல் வெறுங்காலோடு கூடத்தைக் கழுவிவிட்டேன். மொசைக் தரை முழுக்கத் தண்ணீர்.

அண்ணி தலைக்குக் குளித்து, துண்டு சுற்றிய தலையோடு வந்தார். தொட்டிக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டார்.

“இன்னிக்கு என்னால முடியாது. நீயே போட்டுடு தினா.”

“ஒரு மீனுக்கு இவ்ளோ பயந்தா நாளைக்குக் குழந்தைய எப்படி வளப்பீங்க?”

சொன்னேன். எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

அவர் கண் நிறைந்துவிட்டது. “நேத்து சாயங்காலத்துலேர்ந்து அசையல தினா. இன்னும் யார்கிட்டயும் சொல்லல.”

 என்ன சொல்வதென்று தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். “பாருங்க, ஒண்ணுமில்ல” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன்.

மீனைத்தான் முதலில் பார்த்தேன். எனக்காக அது சுழன்றது. என் கைக்கு.

அதற்குப் பிறகுதான் வலி. விரலில் தொடங்கி, மார்பைக் குறுக்காக அறுத்துக்கொண்டு, உள்ளங்காலில் இறங்கியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விரல்கள் என் பேச்சைக் கேட்காமல் மூடிக்கொண்டன. அண்ணி “தினா” என்று கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. ஈரத் தரை. ஈரக் கால். சொட்டுகிற கூந்தல். தொடாதீங்க என்று உள்ளே கத்திக்கொண்டே இருந்தேன். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

கால் வழுக்கியது. நான் கழுவிவிட்ட தரை. என் உடம்பு கனத்தில் கை தண்ணீரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது, மல்லாந்து விழுந்தேன். அண்ணியின் விரல் என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

“தொட்டி... தொடாதீங்க” என்றேன். அப்போதுதான் குரல் வந்தது.

தவழ்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஹீட்டரை வெளியே எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில், அடிப்பக்கம், மயிரிழை போல ஒரு விரிசல். எர்த் கம்பியே இல்லாத, இரண்டு பின் பிளக்.

குளிர்ந்த காலையில் மட்டும் ஹீட்டர் ஓடியது, அப்போது காலையில் மட்டும் சுழன்றது. மின்வெட்டில் சுழலவில்லை. நான் ஹீட்டரை முழுக்கத் திருப்பிய பிறகு எல்லா நேரமும் சுழன்றது. நான் உப்புப் போடப் போடத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தியது. ஈரக் காலோடு நின்ற உடம்பு வழியாகத் தரைக்குப் போக அதற்கு வழி கிடைத்தது. ரப்பர் செருப்பில் நின்ற என் வழியாகக் கிடைக்கவில்லை. வழி கிடைத்தபோதெல்லாம் நடுவில் இருந்த மீன் துடித்தது.

மீனுக்கு அண்ணியைப் பிடிக்காமல் இல்லை.

அண்ணி தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறான். நான் ஏன் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. நிறுத்தினால் அவர் பக்கம் திரும்ப வேண்டும்.

அதே நாள், ஆஸ்பத்திரியில்

ஸ்கேன் அறைக்குள் அண்ணனை மட்டும் விட்டார்கள். வராண்டாவில் நிற்கிறேன். போன வருஷம் நான் நிற்காத வராண்டா. கதவுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அம்மா என் பக்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் கால் செருப்பில்லாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். எனக்கு அது சேராது. ஆனாலும் விரலை நுழைத்துக்கொண்டேன்.

அதே நாள்

துடிப்பு இருக்கிறது.

அண்ணன் இரண்டு விரலால் தன் மார்பில் தட்டிக் காட்டினான், இப்படி, இப்படி என்று. டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அசைவு திரும்புகிறதா என்று கவனிக்கச் சொன்னார். இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 15

பொங்கல் வைக்கவில்லை.

ஜனவரி 16

இன்று மத்தியானம் அசைந்ததாம். மெதுவாக, புரண்டு படுப்பது போல. அண்ணன் போனில் சொல்லும்போது அழுதான். அம்மா உடனே சாமி அலமாரிப் பக்கம் திரும்பினாள். கற்பூரத்தை எடுத்தவள், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

“குபேரன்தானேடா தாங்கிக்கிச்சு?” என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன். “அது தினமும் சொல்லிட்டே இருந்துச்சும்மா. நான்தான் வேற மாதிரி சொன்னேன்” என்றேன்.

ஜனவரி 17

அண்ணி வீட்டுக்கு வந்தார். கூடத்தின் மறுபக்கச் சுவரை ஒட்டி நடந்து அறைக்குப் போனார். எலக்ட்ரீஷியன் வந்து கசிவு வந்தால் தானே துண்டிக்கிற சுவிட்சைப் பொருத்திக்கொண்டிருந்தார். எர்த் கம்பியும் இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாலை பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போன வாக்கியம் ஒன்று இருந்தது.

அவர் முந்திக்கொண்டார். “மீனுக்கு என்னன்னு தினமும் எழுதுவியே. நான் சொன்னதெல்லாம் எழுதினியா? கை குத்துது, எறும்பு ஊருது, அதெல்லாம்?”

“எழுதினேன்.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும்.”

பாலை வாங்கி ஆற்றினார். ஒரு ஆற்று, இரண்டு ஆற்று.

“எழுதிட்டு?” என்றார்.



ஜனவரி 21

நோயாளி: நிறம் திரும்புகிறது. மருந்து, உப்பு எல்லாம் கழுவியாகிவிட்டது. நேராக நீந்துகிறது.

தை பிறந்தும் குளிர் விடவில்லை. அண்ணி இன்று மறுபடி வாசலில் கோலம் போட்டார். உள்ளே வந்தவர் பழக்கத்தில் தொட்டியருகே வந்துவிட்டு, திடுக்கிட்டு நின்றார். மீன் பின்சுவரில் ஒட்டிக்கொள்ளவில்லை. முன்னால் வந்து, அவர் நிற்கும் பக்கத்துக் கண்ணாடியில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடியது.

“வைக்கலாமா?” என்று கேட்டார். என்னிடமா மீனிடமா தெரியவில்லை.

“ஒரு நிமிஷம்.”

அம்மா வாங்கி வந்திருந்த புதுச் செருப்பைக் கழற்றினேன். கோலத்துக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு வந்து, அவர் நிற்கிற இடத்தில், ஈரத் தரையில் நின்றேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. ஹீட்டரே கிடையாது, எரியாது என்று தெரியும். கையை நீட்டினேன். தண்ணீருக்கு ஒரு விரல் மேலே கை நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவர் இப்படித்தான் நின்றிருப்பார், இரண்டு வேளையும்.

விட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. மீன் சாயாமல், சுழலாமல் வந்து என் விரலைக் கடித்தது.

“இப்ப வைங்க அண்ணி.”

அண்ணி ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இன்னொரு கையைப் பாதி தூரம் கொண்டுவந்தார். பிறகு புடவையில் துடைத்துக்கொண்டார், நனையாத கையை.

“நாளைக்குப் பாக்கலாம் தினா.”

உள்ளே போய்விட்டார். மீன் என் விரலை விட்டுவிட்டு அவர் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. நாளைக்கு அவர் வரும்போதும் முதலில் என் கைதான் உள்ளே இருக்க வேண்டும்.